கேட்டுக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

– மோசம் போயிட்டோம் பாகிம்மா! ரயில்வே ஆபீசர் வரிசைல போயி, டெஸ்டுக்கு இதுன்னு சும்னே ஒண்ணத் தொட்டாரு. அது நம்ம கேட்டுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்த நக்கிள்!

– அது எப்படி மேஸ்திரி புது சரக்கோட சேர்ந்தது?

– இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லி, பசங்க கண்ல பட்டதுக்கெல்லாம் செவப்பு பெயிண்ட் அடிச்சிட்டானுங்க. விட்டா எனக்கே அடிச்சிருப்பானுங்க.

– அப்போ ஆபீசர் உங்களைத் தொட்டிருப்பார். உக்காருங்கோ, காபி ஆறறது.

– காபியா! மெஷின்ல மாட்டிட்டாங்கம்மா. இழுக்கறப்ப ஒடஞ்சா ஆர்டர் போச்சு. ஃபேக்டரிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு வித்துடலாம்னு உங்க அண்ணன் பேனாவோட குந்திகினு கீறாரு.

– சேஷகிரி அண்ணா எப்பவோ பேனாவைத் திறந்து வெச்சுண்டுட்டான். மை காஞ்சிருக்கும்.

– முன்ன மாதிரியாம்மா? வேகனோட வேகனக் கோக்கற நக்கிள் வோணும்னா அப்போ ரயில்வே நம்ம கதவத்தான் தட்டணும். இப்போ ஊருக்கு ஒருத்தன் இரும்ப உருக்கி அச்சுல ஊத்தறான். மர்பி டவுன்ல பாதி வீட்டு அடுப்பு நம்மள நம்பித்தான் எரியுது. ஓடிப் போயி நிறுத்தட்டா?

– வேண்டாம். இழுக்கட்டும். முடிஞ்சதும் விஷயத்தை நானே சொல்லி, புதுசுல இன்னொண்ணு எடுத்துக்கச் சொல்றேன்.

– ஐயா வோணாம்னு தூக்கிப் போட்டதும்மா அது! தொண்ணூத்தொண்ணுல. ஞாயித்துக்கெழம ஓவர்டைம்ல எவனோ ஊத்தினது. மறுநா காலைல ஐயா பக்கத்துல நாந்தான் நின்னேன்.

– அப்பா சுத்தியால தட்டி, ஓசை கேட்டுட்டுத்தானே எதையும் தள்ளுவார்?

– ஆமா. ஒரு தட்டு, காது குடுப்பாரு. தீர்ந்துச்சு.

– அதைத் தட்டினாரா?

– இல்லியே... சுத்தி கையிலதான் இருந்துச்சு. தட்டல. ‘கேட்டுல போடு’ன்னாரு, அவ்ளோதான்.

– மெஷின் சத்தம் நின்னுடுத்து. ஜன்னல் வழியா பாருங்கோ.

– ஆபீசர் குனிஞ்சு பாக்கறாரு. தடவிப் பாக்கறாரு... யம்மா! முழுசா கீது! ஒரு விரிசல் இல்ல! இத்தினி வருசம் மழைலயும் வெயில்லயும் கெடந்தது... இத்தப் போயி ஐயா ஏம்மா தட்டிக்கூடப் பாக்காம தள்ளினாரு?

– முதல் நாள் ராத்திரியே வீட்ல அப்பாக்கு சாதம் போடறச்சே சொல்லிட்டேனே, அதை ஊத்தினது நான்னு.