கழற்றி வைத்த சாரி கார்டு

துருப்பிடித்த போல்ட்டை அவசரப்பட்டுத் திருகக் கூடாது, சார். மண்ணெண்ணெயில் ஊற விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். மறுநாள் தானாக வழிக்கு வரும். இதையெல்லாம் யூடியூப் பார்த்து, கையைக் கிழித்துக்கொண்டு, நானாகத்தான் கற்றேன்.

வண்டி என் மாமனாருடையது. குமராட்சியில் அவர் வீட்டுக் கொட்டகையில், வெள்ளம் ஏறி வடிந்ததிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்தது. டேங்குக்குள் சேறு, சீட்டுக்குள் எலி. அவர் இறந்தபின் என் மனைவி கயல்விழிதான் அதைச் செம்மண்டலத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, ஏற்றி வரச் சொன்னாள். நான் செல்போன் கடையை மூடியிருந்த சமயம். அவள் சிதம்பரத்தில் வங்கி வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கினு ஒக்காராம இதையாவது பண்ணுங்க" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். இன்ஜினைப் பிரித்துக் கோர்த்தேன். டேங்குக்குக் கருநீலம் அடித்தேன். சத்தமான சைலன்சர் மாட்டினேன். பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்குமே, சாரி கார்டு, அதைக் கழற்றினேன். நீங்கள் கேட்பது அதைத்தானே. கழற்றினால் வண்டி எடுப்பாக இருக்கும். கயல் எப்போதும் சுடிதார்தான், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாள். கழற்றிய அன்று என் மனதில் ஒன்றுமில்லை, சத்தியமாக.

வண்டி ஓடத் தொடங்கிய வாரம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. சென்னைக்கு மாற்றல். "மொதல்ல நான் போய் சேர்றேன். நீங்க அப்புறமா வாங்க" என்றாள். அப்புறம் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. வருத்தம் இருந்தது. கோபமெல்லாம் இல்லை.

கிளம்பும் முன் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்வரலாம் என்றேன். பட்டுச் சேலை கட்டச் சொன்னேன்.

"வண்டியில சேல சரிப்படாதுங்க. பஸ்லயே போயிடலாமே."

"நான் மொதமொதல்ல பண்ண வண்டி. ஒருவாட்டி ஒக்காரக் கூடாதா?"

உட்கார்ந்தாள், ஒரு பக்கமாக. முந்தானையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஒரு ஸ்கூட்டர்காரர் என் வலப்பக்கம் வந்தார். நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொல்லிவிட்டுத்தானே போவார்கள். "தம்பி, சேல தொங்குது பாரு, சேல" என்று கத்தினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையைத் தூக்கி நன்றி காட்டினேன். சைலன்சர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னாவாம்?" என்றாள்.

"சைடு ஸ்டேண்டு எடுக்கலியாம்" என்றேன். ஏற்கெனவே மடங்கியிருந்த ஸ்டேண்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை, சார். ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த ஸ்கூட்டர்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். "சொன்னனே தம்பி, கேட்டுக் கையகூடத் தூக்கினியே" என்று அழுதார். கீழே கிடந்த கயல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

கழுத்துக்குக் கீழே உணர்வில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார் டாக்டர். உங்களிடம் புகார் கொடுத்த அவள் அண்ணன் பாலகுமாரிடம் பேசுகிறாள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நான் சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள்.

சாரி கார்டைத் தேய்த்துப் பளபளவென்று திரும்ப மாட்டிவிட்டேன், போய்ப் பாருங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பாலகுமார் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அவனுக்குப் பொறுமை கிடையாது, சார். அவசரப்படாமல் விட்டால் அவளும் வழிக்கு வந்துவிடுவாள்.