இருபத்து மூன்றாம் தொட்டி

அக்கா: ...அதென்னடா கண்ணாடி, 'லேசான சோர்வு'? செடி என்ன, லீவு கேட்டுச்சா?

கண்ணாடி: நீங்க மட்டும்? 'முகம் தொங்கிப்போச்சு'ன்னு எழுதியிருக்கீங்க. செடிக்கு முகம் எங்கக்கா இருக்கு?

அக்கா: பார்க்கிறவனுக்குத் தெரியும்.

கண்ணாடி: கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. வாடின இலைக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து நாற்பத்தொரு பேரு வெச்சிருக்கோம். அதான் ஆராய்ச்சி மேடம் எல்லாக் குறிப்பையும் திருப்பி அனுப்பிட்டாங்க.

அக்கா: அதுக்குத்தானே இந்த அட்டை. அஞ்சு படம், அஞ்சு எண். நிமிர்ந்து நின்னா பூஜ்யம், சுருண்டு காய்ஞ்சா நாலு. எழுதவே வேண்டாம்.

கண்ணாடி: நூறு தொட்டிப் படத்துல குறைஞ்சது தொண்ணூறுக்காவது நாம ஒரே எண் போட்டிருக்கணும். போட்டிருந்தா, பழைய குறிப்பையெல்லாம் இந்த அட்டையை வெச்சே திருத்திக்கலாம். இல்லேன்னா மூணு மாச வேலையும் குப்பைக்கு...

அக்கா: வாயைக் கழுவு. என் எண்ணைப் பார்க்காமத்தானே போட்டே?

கண்ணாடி: நடுவுல அலமாரி நிக்குது. எட்டிப் பார்க்க நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா?

அக்கா: சரி, பொத்தானை அமுக்கு... எவ்வளவு வந்திருக்கு?

கண்ணாடி: தொண்ணூத்தெட்டு.

அக்கா: ...இன்னொரு தடவை படி.

கண்ணாடி: தொண்ணூத்தெட்டேதான்க்கா. பிழைச்சோம். ஆனா... ஒரு தொட்டியைச் சிவப்புல காட்டுது. இருபத்திமூணு.

அக்கா: அதுல ஒத்துப்போகலையா?

கண்ணாடி: ஒத்துப்போயிட்டோம். அதான் வம்பு. ரெண்டு பேரும் பூஜ்யம். சோதனைக்காகத் தண்ணியை நிறுத்திப் பதினெட்டு நாளான வரிசை அது. பக்கத்துல இருக்கிறதெல்லாம் மூணு, நாலு. இது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது.

அக்கா: இத்தனை நாள் கண்ணுல படலையே.

கண்ணாடி: எப்படிப் படும்? நீங்க 'பரவாயில்லை'ன்னு எழுதினீங்க, நான் 'சுமார்'னு எழுதினேன். இப்ப எண்ணா நிக்குது. மேடம் பார்த்தா, வறட்சியைத் தாங்குற செடி கிடைச்சிடுச்சுன்னு கட்டுரையே எழுதிடுவாங்க.

அக்கா: அய்யோ, அது வேண்டாம்.

கண்ணாடி: ஏங்க்கா?

அக்கா: வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரே ஒரு குவளை தண்ணி. பார்க்கச் சகிக்கலைடா. திட்டணும்னா திட்டு.

கண்ணாடி: ஒரு குவளைக்கு இப்படி நிமிராதுக்கா.

அக்கா: நான் ஊத்தினது அவ்வளவுதான். பொய் சொல்லுவேனா?

கண்ணாடி: குறிப்புல எழுதிடுவோம். இருபத்திமூணாம் தொட்டியைச் சேர்த்துக்கக் கூடாது, தண்ணி ஊத்தியாச்சு. வெள்ளிக்கிழமை ஒரு குவளை...

அக்கா: எழுது. என் பேரையே போடு.

கண்ணாடி: ...செவ்வாய்க்கிழமை ரெண்டு குவளை. அதுக்கு என் பேரு.