முன்சக்கரப் பூட்டு

மணலில் ஜீப் ஓட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மணலில் இறங்கும் முன்பே நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துவிட வேண்டும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. உப்பள முதலாளியின் ஜீப்பை இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன். இதற்கு முன் கடப்பாக்கம் மணலில் அது ஒருமுறைகூடப் புதைந்ததில்லை.

பெட்ரோல் விலை ஏறியதும், மிச்சம் பிடிக்க முதலாளி முன்சக்கரங்களில் பூட்டு மாட்டினார். தார் ரோட்டில் அது திறந்தே இருக்கும். மணல் வந்தால் கீழே இறங்கிக் கையால் திருகிப் பூட்ட வேண்டும்; அப்போதுதான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். திருகாமல், உள்ளே நாலு சக்கர இழுவைக்கான சின்ன கியரை மட்டும் போட்டால் முன்சக்கரம் சும்மா உருளும். குப்பத்தில் இது யாருக்கும் தெரியாது. சின்ன கியரைப் போட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சிங்காரம் என் தங்கை சொர்ணத்தின் புருஷன். கடலில் கெட்டிக்காரன்; குடித்தால் மனுஷனில்லை. போன மாசம் கொதிக்கிற மீன் குழம்பை அவள் கையில் ஊற்றினான். நான் நியாயம் கேட்கப் போனால், சொர்ணம் என்னைத்தான் வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அன்று காலை, வலையில் வந்த கடல்பாம்பு அவனைக் கடித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். சொர்ணம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான், சின்ன கியரு போட்டுக்கினியா?" என்றான். வாய் சரியாகத் திறக்கவில்லை.

"போட்டுக்கினேன். நீ பேசாத கெட."

பொய் சொல்லவில்லை. அவன் கண்ணெதிரேதான் போட்டேன். கீழே மட்டும் இறங்கவில்லை.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் பின்சக்கரம் புதைந்தது. அப்போதே இறங்கித் திருகியிருந்தால் வண்டி ஏறியிருக்கும். நான் இன்னும் மிதித்தேன். அச்சு வரை இறங்கியது. சொர்ணம் குதித்து, வெந்த கையாலேயே மணலை வாரினாள்.

"இன்னாண்ணே, வண்டி நவுர மாட்டேங்குது? எதுனா பண்ணுண்ணே!"

நானும் இறங்கி அவளோடு மணலை வாரினேன். நகம் பெயர்ந்தது. எனக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகை. அவள் ஜீப்புக்குத் திரும்பியபோது அவன் அடங்கியிருந்தான். கடைசி மூச்சுக்குக்கூட அவள் பக்கத்தில் இல்லை.

வண்டியை இழுக்க வந்த மெக்கானிக்தான் பூட்டு திறந்திருந்ததை உங்களிடம் சொல்லியிருப்பார். சரிதான். சிங்காரத்தைக் கொன்றது நான்தான்.

அவனுக்காக அண்ணன் கை கிழிய மணல் வாரினார் என்று சொர்ணம் குப்பமெல்லாம் சொல்லி அழுகிறாளாம். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், ஐயா. அவள் மனசு நோகும்படி யார் நடந்தாலும் என்னால் பொறுக்க முடியாது.