சோதனை மட்டும்

புகைச் சோதனைக் கடை நடத்துகிறவனால் கல்யாண விருந்தில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. க்ளென்டேலில், அதுவும் எங்கள் ஆர்மீனியக் கல்யாணங்களில், சொல்லவே வேண்டாம். கபாப் தட்டைக் கையில் வாங்கியதும் யாராவது ஜான், அதாவது கண்ணே, என்று கொஞ்சிக்கொண்டு தோளில் கை போடுவார்கள். "கோரென் ஜான், நம்ம பையன் வண்டி ஒண்ணு இருக்கு. கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான். கண்டுக்காம விட்டுடேன்." நான் சிரித்தபடி முடியாது என்பேன். அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் முதுகுக்குப் பின்னால் என்னை ஐஸ் கட்டி என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும், வருத்தமில்லை.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். அடியில் தங்கும் மண்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் இலாகாவிலிருந்து வந்திருப்பது அந்தச் சிவப்புக் காருக்காக. மலையில் நின்றுபோன காரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரே அதில் இல்லை. ஆனால் நவம்பரில் என் கடையில் அது தேறியதாகப் பதிவு இருக்கிறது. நான் வேறொரு காரை வைத்துச் சோதித்தேன் என்று நீங்கள் ஊகித்தது சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அறிக்கையில் "தம்பிக்குச் செய்த சலுகை" என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். அது தவறு. இந்தக் கடை திறந்த நாளிலிருந்து நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்றதையும் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம்.

வாசலில் பலகை பார்த்திருப்பீர்கள். சோதனை மட்டும். உங்கள் சட்டம்தான். என் கடையில் வண்டியைச் சோதிக்கலாம், பழுது பார்க்கக் கூடாது. ஒரு நட்டு தளர்ந்திருந்தால் அதைச் சொல்லலாம், முறுக்கக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி நாரெக் என்னைவிட ஒன்பது வயது இளையவன். நன்றாகச் சிரிப்பான், நன்றாக ஆடுவான், எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கார் தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் வண்டி. இரண்டே இருக்கை. அதன் உள்ளே அசலாக இருந்தது கண்ணாடி மட்டும்தான் என்று நினைக்கிறேன். வேகத்துக்காகப் பெரிய டர்போ போட்டான், புகைக்குழாயைத் தானே வெல்டிங் செய்தான், கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்தான்.

அவனைப் போன்றவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்வது உங்களுக்கும் தெரியும். சோதனை நாளுக்கு முன்பு அசல் உறுப்புகளை மாட்டுவார்கள். நாங்கள் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்படி உருளை மேல் ஓட்டி, குழாயில் குச்சியைச் செருகி, பானெட்டைத் திறந்து பார்த்து, தேறிவிட்டது என்றதும் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவது மாதிரி. நாரெக் பர்பேங்கில் ஒரு நண்பனிடம் இரவல் வாங்குவான், வேறு கடையில் காட்டுவான். என்னிடம் வந்ததே இல்லை. இந்த முறை அந்த நண்பன் காரோடு டெக்சாஸுக்குக் குடிபோய்விட்டான். வண்டியின் பதிவு காலாவதியாகிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் நாரெக்குக்கும் லுசினேக்கும் கல்யாணம். பெண்ணை அவள் வீட்டிலிருந்து இந்தக் காரில்தான் அழைத்து வருவேன், பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தான்.

சோதித்தேன். தேறவில்லை. தேறவில்லை என்பது மரியாதையான சொல். கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்த்து, கருவி பழுதோ என்று நானே ஒரு கணம் நினைத்தேன்.

"மிஷினுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கும்ணே. இன்னொரு தடவ வையேன்" என்றான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. உன் வண்டிக்குத்தான் நுரையீரலே இல்ல."

"உள்ள பெட்ரோல் வாசன வருதுன்னு சொல்லப் போறே, அதானே? அது என் சென்ட்டுண்ணே. லுசினேயே பழகிட்டா."

கதவை மூடிக்கொண்டு உருளை மேல் நான்தான் ஓட்டினேன். இறங்கியபோது நெற்றிப்பொட்டில் வலி பிடித்திருந்தது. அவன் வெல்டிங் போட்ட இடத்தில் குழாய் விரிசல் விட்டு டிக் டிக் என்று சத்தம் வந்தது. புகை உள்ளே வருகிறது, இந்தக் குளிர்காலத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டாதே என்று அவனிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் அம்மாவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்துவிட்டான்.

"உன் தம்பிதானேடா கேக்கறான், ரோட்ல போறவனா? விட்டுடு கோரென்" என்றாள் அம்மா.

அந்த "விட்டுடு" எனக்குப் பழக்கமான சொல். அப்பாவின் வேனை அவன் சுவரில் மோதியபோது, நான்தான் ஓட்டினேன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்பா அந்தக் கோடை முழுவதும் என்னோடு பேசவில்லை. என் கல்யாணத்தன்று நாரெக் வரும்வரை ஆரம்பிக்க வேண்டாம் என்று பாதிரியாரை நிற்க வைத்தாள். நானும் ஹஸ்மிக்கும் பாதிரியார் தலையில் வைக்கும் கல்யாணக் கிரீடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். அவன் தலைகூட வாராமல் வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் அம்மாக்கள் பிள்ளைகளைக் கொஞ்சும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். உன் நோவு எனக்கு வரட்டும். கடைக்காரியிடம்கூடச் சொல்வார்கள், அவ்வளவு சாதாரணமான வார்த்தை. நாரெக் தும்மினால் அம்மா அதைச் சொல்வாள். எனக்குச் சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தபோது, தண்ணீர் நிறையக் குடி என்றாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மாமா வந்தார். ஹஸ்மிக் இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். பாதிரியார்கூட, சட்டம் மனிதனுக்காகத்தான் என்று ஏதோ சொன்னார். யாருமே, அந்தக் காரில் உட்கார்ந்தால் தலை வலிக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விட்டுடு என்றுதான் கேட்டார்கள். சரி என்றேன்.

வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஞாயிறு காலை, எல்லோரும் கோயிலில் இருக்கும் நேரம், கடையைத் திறந்தேன். முதலில் கியர் தண்டின் மேலிருந்த தோல் உறையைக் கழற்றினேன். அதற்குக் கீழே ஒரு ரப்பர் உறை இருக்கும், தரையில் உள்ள துளையை மூடுவதற்கு. அது பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதி ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது. விரிசல் விட்ட குழாய் நேர் கீழே ஓடியது. இவையெல்லாம் பார்வைச் சோதனையில் அடங்கும். நன்றாகப் பார்ப்பதற்காக ரப்பரை முழுவதும் எடுத்தேன். பார்த்தேன். திரும்ப மாட்டவில்லை. கிழிந்த ரப்பரைச் சரிசெய்து மாட்டினால் அது பழுது பார்த்ததாகிவிடும். என் உரிமத்தில் அதற்கு இடமில்லை.

தோல் உறையை மட்டும் பழையபடி மாட்டினேன். திறந்து கிடந்தால் அசிங்கமாக இருக்கும்.

பிறகு ஹஸ்மிக்கின் காரை உருளை மேல் ஏற்றி, நாரெக்கின் வண்டி எண்ணைத் தட்டினேன். அருமையான எண்கள் வந்தன. அவள் வண்டியை நான்தான் கவனிக்கிறேன். அழுக்கு வண்டி ஒன்றை நான் தேற்றிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று என் கருவி சோதித்தது சுத்தமான புகையைத்தான்.

நாரெக் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "உனக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. நான்தான் நம்பல" என்றான். சாவியைச் சுழற்றிக்கொண்டே போனான். அன்று அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அவன் நகருக்குள் ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டு அலற ஓட்டுகிறவன். அதனால் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. பனி விழும்வரை பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஏஞ்சலஸ் கிரெஸ்ட் மலைச் சாலையில் முதல் பனி விழுந்தால், மறுநாள் லாஸ் ஏஞ்சலஸில் பாதிப் பேர் மேலே போவார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். நாரெக் தவற விட்டதே இல்லை. பனிக்காற்று டர்போவுக்கு நல்லது என்பான். இந்த வருடமும் போனான்.

தனியாகப் போனான் என்று நினைத்தேன் என்று போலீஸிடம் சொன்னேன். அதையும் இப்போது திருத்திவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் அவன் அம்மாவை அழைத்துக்கொண்டுதான் போவான். ஆர்மீனியாவில், பனி கொட்டும் குயும்ரியில் பிறந்தவள் அவள், பனியை ஒரு முறை மிதிக்காவிட்டால் வருடம் முடியாது அவளுக்கு. பிளாஸ்கில் காபி, ரொட்டி, பாலாடைக்கட்டி. இரண்டு பேர், இரண்டு இருக்கை. என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கே உட்கார்வது என்று சிரிப்பார்கள்.

அன்று காலை அவளே எனக்குப் போன் செய்தாள்.

"மலைக்குப் போறோம்டா. நாரெக் ஹாரன் அடிச்சே உயிர வாங்கறான். உனக்கு ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா. மேல குளிரும். ஜன்னல நல்லா மூடிக்க. ஹீட்டர முழுசா வெக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றாள். சொல்லியிருக்கிறாள். ஹீட்டர் முழுசாகத்தான் இருந்ததாம்.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்த பிறகும் சிவப்புக் கார் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். பிறகு யாரோ இறங்கி வந்து கதவைத் திறந்தார்கள். நாரெக் ஸ்டியரிங் மேல் தூங்குகிற மாதிரி இருந்தானாம். அம்மாவுக்கு மூச்சு இருந்தது. அவள் பக்கத்து ஜன்னல் எப்போதுமே சரியாக மூடாது. அதைச் சோதனையின்போதே பார்த்தேன். ஜன்னல் எங்கள் பட்டியலில் இல்லை.

அந்த ரப்பர் உறை உங்கள் வலது பக்க மேஜையில், இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பெட்ரோலில் துடைத்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் சலுகை என்பதை அடித்துவிட்டு, என் தம்பியைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது சரியான சொல்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பு தேறிவிட்டது. மூளைதான் திரும்பவில்லை, இனிமேல் திரும்பாது என்கிறார்கள். தினமும் கடையைப் பூட்டியதும் போகிறேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறது. நாரெக் ஜான் என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் திருத்தப் பார்த்தேன். அழ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு திருத்தவில்லை. என் கன்னத்தைத் தடவி, உன் நோவு எனக்கு வரட்டும் என்கிறாள். ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். அதை ஒரு முறையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஐம்பது வயதுவரை காத்திருந்தேன். கிடைத்துவிட்டது. அதனால் நடந்தது எல்லாமே கெட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று மட்டும் புதிதாக ஒன்று சொன்னாள். பக்கத்தில் வரச் சொல்லி, காதோடு சொன்னாள்.

"நாரெக், உன் அண்ணன்கிட்ட சொல்லிடாதே, அவனுக்குக் கூச்சமா இருக்கும். உன்ன நான் கொஞ்சறேன்னா, நீ நிக்காம ஓடிடுவியோன்னு பயம். அவன் எங்கயும் போக மாட்டான்டா. நான் நிம்மதியாத் தூங்கறதே அவன் ஒருத்தன் இருக்கான்னுதான்."

வரும்போது டாக்டரைக் கேட்டேன். இந்தப் புகை ஏறிய மூளை, நடக்காததையெல்லாம் நடந்த மாதிரி பேசுமாம். சில நோயாளிகளுக்கு அப்படி இருக்கும் என்றார். அவள் இதுவரை சொன்னதெல்லாம் மனதார வந்தது. நேற்றுச் சொன்னது மட்டும் புகை பேசியது. அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.