கைராசிக்காரரின் தையல்

— நாப்பத்திரண்டு பேர்ல ஆறு பேர், டாக்டர்.

— ஆறா? வேற வார்டு நோட்டை எடுத்துட்டு வந்துட்டீங்க சிஸ்டர். என் கணக்குல ஒண்ணுகூட இல்லையே. கைராசி டாக்டர்னு ஊரே சொல்லுது!

— ஊர் சொல்லும் டாக்டர். நான் போன் பண்ணிக் கேட்டேன். இந்த வருஷம் உங்ககிட்ட குடல் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும். வெட்டிச் சேர்த்துத் தைச்ச இடம் ஆறு பேருக்குக் கசிஞ்சிருக்கு.

— அப்புறம் ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட திரும்பி வரல?

— வீட்டுக்குப் போனப்புறம் காய்ச்சல், வயித்து வலி. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. மறுபடி வயித்தைத் திறந்ததெல்லாம் அங்கதான்.

— அடக் கடவுளே. திரும்பி வராதவங்களையெல்லாம் குணமானவங்க லிஸ்ட்ல சேர்த்து, மேடையேறிக் கைதட்டலும் வாங்கிட்டேன். பரீட்சைக்கே வராதவனுக்கெல்லாம் பாஸ் போட்ட வாத்தியார் மாதிரி.

— இன்னொண்ணு டாக்டர். ஆறுல அஞ்சு, வெள்ளிக்கிழமை மத்தியானக் கேஸ்.

— வெள்ளிக்கிழமையே எனக்குச் சனி பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க.

— சனி இல்ல. அன்னைக்கு மூணு ஆபரேஷன். மூணாவதுக்குத் தண்ணி டெஸ்ட் பண்றதில்ல. வயித்துக்குள்ள தண்ணி ஊத்தி, கீழேருந்து காத்தடிச்சு, தைச்ச இடத்துல குமிழி வருதான்னு பார்க்கிறது ரெண்டு நிமிஷ வேலை. அஞ்சு பேரோட ஆபரேஷன் தாள்லயும் அந்த டெஸ்ட்டுக்கு டிக் போடுற கட்டம் காலி.

— மிச்சம் ஒருத்தர்?

— அவருக்குப் பண்ணியிருந்தீங்க. சில பேருக்கு எவ்வளவு பார்த்தாலும் கசியும்.

— நல்லவேளை, ஒரு தப்பாவது என் தப்பு இல்ல. சரி, நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே?

— கேட்டேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும். "என் தையல்ல காத்துகூட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் போகணும்"னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

— நீங்க?

— நான் அந்தக் கட்டத்துல டிக் போடல.

— பஞ்சர் கடைக்காரர் எந்தக் காலேஜுக்கும் போனதில்ல. ஆனாலும் ஒட்டுப் போட்ட டியூபைத் தண்ணியில முக்கிப் பார்க்காம சைக்கிளைத் தர மாட்டார். நான் பேருக்குப் பின்னாடி எழுத்தா சேர்த்துச் சேர்த்து, வாசல்ல போர்டே ரெண்டடி நீளம். முக்கிப் பார்க்கணும்னு தோணல பாருங்க!

— நாளையிலேருந்து பார்த்துக்கலாம் டாக்டர்.

— நாளையிலேருந்து அந்தக் கட்டம் காலியா இருந்தா, வயித்தை மூட என் கையில நூலைத் தராதீங்க. நான் கத்துவேன்.

— கத்துவீங்கதான்.

— நாய் குரைக்குதுன்னு நினைச்சுக்கோங்க. அந்த ஆறு பேரும் இப்ப எப்படி இருக்காங்க?

— நாலு பேர் நல்லா நடமாடுறாங்க. ஒரு அம்மா மலம் போக வயித்துல பையைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர்... தவறிட்டார். வெள்ளிக்கிழமை கேஸ். தபால்காரர்.

— அவரா? "விலாசம் தப்பாம உள்ளே போங்க டாக்டர்"னு மயக்க மருந்து ஏறுறப்பகூடச் சிரிச்சாரே! விலாசம் தப்பல. கதவைத்தான் சரியா மூடாம வந்துட்டேன்.

— டாக்டர், தண்ணி குடிங்க.

— அவர் வீட்ல என்ன சொன்னாங்க?

— சம்சாரம்தான் பேசினாங்க. அவர் இறந்த தேதியை மட்டும் சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. மத்ததை அந்த ஆஸ்பத்திரியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— நம்பரைக் குடுங்க. நானே பேசறேன்.

— இப்பவேவா?

— இப்ப விட்டா நாளைக்கு நூறு சாக்கு கண்டுபிடிப்பேன், என்னைத் தெரியாதா? ... பாருங்க கூத்தை. வயித்துக்குள்ள வழி தப்பாத விரல், பத்து எண்ணை மூணு தடவை தப்பா அழுத்துது. நீங்களே போட்டு ஸ்பீக்கர்ல வைங்க சிஸ்டர். வெளியே போயிடாதீங்க.

— இங்கதான் இருக்கேன். ... ரிங் போகுது.

— ஹலோ, யாருங்க?

— அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் பேசறேன்.

— ம்... சொல்லுங்க.

— எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலம்மா. அவர் போனதுக்குக் காரணம், குடலைச் சேர்த்துத் தைச்ச இடம் கசிஞ்சதுதான். தைச்சதும் கசியுதான்னு ஒரு சோதனை பண்ணிப் பார்த்திருக்கணும். பண்ணியிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கலாம், அங்கேயே சரி பண்ணியிருக்கலாம். நான் பண்ணல. கொஞ்சம் அவசரம், நிறையத் திமிர். அவர் மேல தப்பில்ல, உங்க யார் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது. எழுதிக் கையெழுத்துப் போட்டும் தரேன். புகார் குடுங்க, திட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. ... அம்மா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— ஏதாவது சொல்லிடுங்கம்மா.

— ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா டாக்டர்? வீட்டுக்கு வந்த மறுநாள் பசிக்குது பசிக்குதுன்னு கெஞ்சினார். கஞ்சியைத் தவிர எதுவும் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. மனசு கேட்காம ஒரு வாய் சோறு ஊட்டிட்டேன். அன்னைக்கே காய்ச்சல் வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லல, புள்ளைங்க முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாம இத்தனை மாசமா... அப்ப, அவரை நான் கொல்லலையா?