அப்பன் கொடுத்த மரியாதை

கோவிந்தாபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளுக்கு மூத்தவள் அண்ணன் மனைவி.

"எங்கப்பன் இப்ப எனக்கு மரியாதை குடுக்கறாருங்க, நங்கை," என்றாள் இளையவள்.

என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"சோறு வெச்சா, 'நீங்க சாப்பிட்டீங்களா, உங்களுக்கு எந்தூருங்க'ன்னு கேக்கறாரு. இத்தன வருசம் 'வா புள்ள, போ புள்ள'ன்னவரு."

"டாக்டரு, வயசானா அப்படித்தான்னுட்டாரு. அடுத்த மாசம் எங்கூட்டுக்குக் கூட்டிக்கறோம். நீ கொஞ்சம் தூங்கு, சரசு."

"போன மாசம் உங்ககிட்ட இருந்தப்ப, உங்களையும் இப்படித்தான் 'வாங்க, போங்க'ன்னாருங்களா?"

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இல்ல. என்னைய 'சரசு, வா புள்ள'ம்பாரு. நானும் 'ஏனுங்கப்பா'ன்னு போய் நிப்பேன்."