ரெண்டு மூச்சு நேரம்

விடியக்காலை நாலு மணி. தொவாய் மலை ரோடு. ஆள் நடமாட்டமே கிடையாது... கொக்கோ விதையைப் புளிக்கப் போட்ட பெட்டிங்கள்ல இருந்து வர்ற வாடை மட்டும் கூடவே வரும். தினம் அந்த நேரத்துல, டார்ச்சை அடிச்சுக்கிட்டு, தனியா அந்த மலை ஏறினவன் செலஸ்தின். நம்ம பக்கத்து வீட்டு ரெமிஜியஸ் இருக்கானே, அவன் மச்சான். கிட்ட வந்து உக்காருங்க. நடுவுல கேள்வி கேக்காதீங்க, எனக்கே பதில் தெரியாது.

மலை மேல நம்ம மாதா கோயில் பங்கு ரேடியோ. ஒரு கம்பம், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு அறை. அஞ்சு மணிக்கு ஜெபமாலை. ரேடியோவை ஆரம்பிச்ச பழைய சாமியார் ஒரு வழக்கம் வச்சிட்டுப் போனார். ஜெபத்துல முதல் பாதியைத்தான் செலஸ்தின் சொல்லணும். "அருள் நிறைந்த மரியே வாழ்க..." மறுபாதியை வீடுங்க சொல்லும். அதுவரைக்கும் இவன் வாயைத் திறக்கக் கூடாது, மைக்கையும் அணைக்கக் கூடாது. ரெண்டு மூச்சு நேரம்... வெறும் அமைதி. பங்குல கொடுத்த சின்ன ரேடியோப் பெட்டிக்கு முன்னாடி உக்காந்து, பள்ளத்தாக்கு முழுக்க, கிழவன் கிழவி குஞ்சு குளுவான் எல்லாம் அந்த அமைதியில பதில் சொல்லும். கோயிலுக்கு ஒரு நாள் முழுக்க நடக்கணும்ங்கிற ஊருக்கெல்லாம் வேதம் போய்ச் சேந்தது அப்படித்தான்.

ஜெபம் முடிஞ்சா அறிவிப்பு. எந்தப் படகு வருது, யாருக்கு உடம்பு முடியல... அதுல மாசாமாசம் ஒரு சீட்டு வரும். ஓடிலியா அம்மா கொடுக்கிற சீட்டு. "ஃபேபியன், அம்மா உயிரோட இருக்கேன். வீடு அதே இடந்தான். யாருக்கும் பயப்படாம வா." உள்நாட்டுச் சண்டைக் காலத்துல காணாமப் போன பிள்ளை. பிணமும் கிடைக்கல. நம்ம பூகன்வில் தீவுல, தாய் வழி மண்ணுல எலும்பு சேராம துக்கத்தை முடிக்க முடியாது. அந்தம்மா துக்கத்தை முடிக்கவும் இல்ல, நம்பிக்கையை விடவும் இல்ல.

பன்னெண்டு வருஷம் செலஸ்தின் அந்தச் சீட்டைப் படிச்சான். கணீர்னு நல்ல குரல். படிக்கிறப்போ அவனுக்குத் தெரியும்... ஃபேபியன் வரமாட்டான். ரோட்டுத் தடுப்புல துப்பாக்கியோட நின்ன மூணு பயலுகள்ல இவன் ஒருத்தன். அப்போ வயசு பதினேழு. சுட்டது மூத்தவன், குழி வெட்டினது இவன். மத்த ரெண்டு பேரும் செத்தாச்சு. பிற்பாடு அந்தக் குழிக்குப் பக்கத்துலதான் ரேடியோக் கம்பத்தை நட்டாங்க. இவனாக் கேட்டு வாங்கின வேலை இல்ல, குரலுக்காகச் சாமியார் இழுத்துட்டு வந்தது. ஆனாலும் பாவம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஒரு நவம்பர் மாசம். ஜெபம் முடிச்சதும் போன். கீழ கடை வச்சிருக்கிற பிபியானா.

"என்ன மச்சான், பதில் சொல்லக் கூலிக்கு ஆள் வச்சிட்டியா?"

"எந்த ஆளு?"

"நீ நிறுத்தினதும் மறுபாதி சொல்றானே ஒருத்தன். உன்னைவிட நல்லாச் சொல்றான்யா. அவனையே படிக்கச் சொல்லிட்டு நீ போய்ப் படு."

சிரிச்சுட்டு வச்சிட்டான். மறுநாள் நாலு போன். அதுக்கு மறுநாள் பதினொண்ணு... பதிவு பண்ணினதைப் போட்டுக் கேட்டான். ஒண்ணுமில்ல. அவன் குரல், அமைதி, அவன் குரல். வீடுங்களுக்கெல்லாம் கேக்குது, இவன் காதுக்கு மட்டும் கேக்கல. ஆனா மைக்கு மேல மாட்டியிருக்கிற பஞ்சு உறை... அதுல ஒரு வாடை. அப்போதான் வெட்டின ஈர மண்ணு வாடை. கழட்டி, சோப்புப் போட்டுத் துவைச்சுக் காயப் போட்டான். காலையில வந்தா மறுபடியும் அதே வாடை.

ஏழாம் நாள், நாலரை மணி. கதவுக்கிட்ட ஓடிலியா அம்மா உக்காந்திருக்கு. மடியில ரேடியோப் பெட்டி.

"செலஸ்தின், கதவைத் திறப்பா. அவனை எங்க வச்சிருக்க?"

"யாரைம்மா?"

"பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? ஆமென்னை அவன் இழுத்துத்தான் சொல்லுவான். சின்ன வயசுல அதுக்கே அடி வாங்கியிருக்கான். ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்ப்பா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

திறந்து காட்டினான். ஒரு மேசை, ஒரு நாற்காலி. அந்தம்மா குனிஞ்சு மேசைக்கு அடியிலகூடப் பாத்துச்சு.

அஞ்சு மணி. இவன் உள்ள. அந்தம்மா ஜன்னல் கண்ணாடிக்கு வெளிய, காதுல பெட்டியை வச்சுக்கிட்டு. பாதி ஜெபம் சொன்னான், நிறுத்தினான். ரெண்டு மூச்சு. இவனுக்குச் சத்தமே இல்ல. கண்ணாடி வழியாப் பாத்தா... அந்தம்மா முகம் மலர்ந்து கிடக்கு. உதடு அசையுது. மகனோட சேந்து சொல்லுது. ரெண்டாவது தடவை. மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு நெருங்கி நெருங்கி வருது. பார்வை இவன் மேல இல்ல... இவன் தோளுக்குப் பின்னாடி.

எட்டாவது தடவை, வாயைத் திறக்கக் கூடாத நேரத்துல, திறந்துட்டான். "கம்பத்துக்குக் கிழக்கே... இருபது எட்டு நடக்கணும். கறிப்பலா மரத்தடி. நான்தான் வெட்டினேன்மா. நான்தான்." மைக் திறந்தே இருந்துச்சு. பள்ளத்தாக்கு மொத்தமும் கேட்டுச்சு.

வெயில் ஏறுறதுக்குள்ள மண்வெட்டியோட ஆளுங்க வந்துட்டாங்க. சொன்ன இடத்துல கிடைச்சுச்சு. எலும்பைப் பாய்ல சுத்தி மடியில வச்சுக்கிட்டு, அந்தம்மா அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு.

"என் சீட்டைப் படிக்கிறப்போ, ஒரு நாளாவது உன் குரல் தடுமாறலையே செலஸ்தின்."

பன்றி வெட்டி, ரெண்டு பேரும் பாக்கு மென்னு, முறைப்படி சமாதானம் ஆச்சு. பாக்கைக் கையில வாங்கினப்போ அவன் அழுதான், அந்தம்மா அழல. எலும்பைத் தாய் மண்ணுல அடக்கம் பண்ணினாங்க. மறுநாளும் அவனே ஜெபம் சொல்லட்டும்னு அந்தம்மாவே சொல்லிடுச்சு.

இனிமே அந்தக் குரல் வராதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். அஞ்சு மணி. "அருள் நிறைந்த மரியே வாழ்க..." நிறுத்தினான்.

ஃபேபியன் குரல் வரல. வந்தது... கூட்டம். ஆம்பளை, பொம்பளை, நடுவுல ரெண்டு மூணு சின்னப் புள்ளைங்க. ஞாயித்துக்கிழமைக் கோயில் மாதிரி, எல்லாம் ஒண்ணாப் பதில் சொல்லுது. பிபியானா போன் பண்ணிச் சொன்னதும் செலஸ்தின் மாதா மேல சத்தியம் பண்ணினான். "நாங்க வெட்டினது ஒரே ஒரு குழிதான்."

இப்பவும் கேக்குது. அஞ்சு மணி ஆனா நம்ம ஊர்ப் பொம்பளைங்க பெட்டியைக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டு, சண்டையில காணாமப் போன தன் வீட்டுக் குரல் இருக்கான்னு தேடுறாங்க. செலஸ்தின் வயசு ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல மட்டும்... அந்த ஆம்பளைங்க நாலரைக்கே எந்திரிச்சு, சத்தமில்லாம, பேட்டரியைக் கழட்டி வச்சிடுறாங்க.